ஹவுண்ட் என்பது வேட்டைநாயா? : ஒரு சொற்பொருள் மறுப்பு

பொருள் மாற்றம் குறித்துத் தமிழில் எழுதப்பெற்ற மொழியியல் நூல்களைப் புரட்டுவோர் ஓர் எடுத்துக்காட்டை மீண்டும் மீண்டும் காண்பர். ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்' என்னும் சொல் முற்காலத்தில் நாய் என்னும் பொதுப்பொருளைத் தந்தது, பின்னர் வேட்டைநாயை மட்டும் குறிக்கலாயிற்று, இது சிறப்புப்பொருட்பேறு. 'டாக்' என்பதோ முதலில் ஒருவகை நாயை மட்டும் குறித்துப் பின்னர் எல்லா நாய்க்கும் பெயராயிற்று, இது பொதுப்பொருட்பேறு. இரு வரிகளில் இரு விதிகளும் விளங்கிவிடுவதால் ஆசிரியர்க்கு எளிது, மாணவர்க்கும் எளிது. தேர்வுத் தாளில் இதனை எழுதி மதிப்பெண் பெறாத முதுகலை மாணவர் குறைவு.

இவ்வெளிமையே இங்கு மறுக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டு முற்றிலும் பொய்யன்று. ஆயின் அது சொல்லப்படும் முறையில் மூன்று பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியுள்ளன. மாற்றம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது போலக் காட்டப்படுகின்றது. மாற்றத்தின் முடிவில் கிடைத்த பொருள் 'வேட்டைநாய்' எனப் பிழையாகப் பெயர்க்கப்படுகின்றது. அப்பிழை அகராதிகளுக்குச் சென்று, அங்கிருந்து மொழிபெயர்ப்புகளுக்கும் நாளிதழ்களுக்கும் சென்று, இறுதியில் இந்தியாவின் நாய்களுக்கே பெயராகத் திரும்பி வருகின்றது.

மாற்றத்தின் காலம்

பழைய ஆங்கிலத்து 'ஹுண்ட்' பொதுச்சொல் என்பதில் ஐயமில்லை. செருமானிய மொழியின் 'ஹுண்ட்', டச்சு மொழியின் 'ஹோண்ட்' ஆகியன இன்றும் நாய் என்னும் பொதுப்பொருளிலேயே வழங்குகின்றன. வடமொழியின் 'சுவன்', கிரேக்கத்தின் 'கியூஓன்', இலத்தீனத்தின் 'கானிஸ்' ஆகியவற்றோடு இதற்கு உறவு உண்டு. தமிழ் நிகண்டுகளில் இடம்பெற்ற 'சுவானம்' என்னும் வடசொல்லும் அவ்வழியே ஹவுண்ட் என்பதன் தொலைவு உறவாகும். 'ஹண்ட்', அதாவது வேட்டையாடு என்னும் வினையிலிருந்து ஹவுண்ட் பிறந்ததாகச் சிலர் எழுதுகின்றனர். ஒலி ஒப்புமையன்றி இதற்குச் சான்றில்லை. அவ்வினை வேறு, இப்பெயர் வேறு. 'வேட்டையாடுவதால் ஹவுண்ட்' என்னும் விளக்கம் பிற்காலப் பொருளை முற்காலத்தில் ஏற்றிக் காணும் மயக்கமே.

'டாக்' என்பதன் வரலாறு இதனினும் இருள்சூழ்ந்தது. 'டொக்கா' என்னும் வடிவம் பழைய ஆங்கிலத்தில் மிக அருகியே காணப்படுகின்றது. அதன் மூலம் இன்றளவும் தெளிவுறவில்லை. பிற்காலத்தில் பிரெஞ்சு மொழி அதனைக் கடன்பெற்று 'தோக்' என்றும், செருமானியம் கடன்பெற்று 'டோகே' என்றும் வழங்கின. இரண்டும் பேருருக் காவல்நாய் வகையையே குறித்தன. தன் வீட்டில் பொதுச்சொல்லாக விரிந்துகொண்டிருந்த ஒரு சொல், அண்டை வீடுகளில் சிறப்புச்சொல்லாகக் குறுகிற்று. பாடநூல்கள் இச்செய்தியைக் கூறுவதில்லை. கூறின் அம்புக்குறி ஒரு திசையில் மட்டும் போகாது.

ஹவுண்ட் 12ஆம் நூற்றாண்டிலேயே குறுகிவிட்டது என்பர் ஒரு சாரார். குறுகத் தொடங்கியது என்றால் ஏற்கலாம். குறுகிவிட்டது என்றால் சாசரின் கேன்டர்பரிக் கதைகள் மறுக்கும். 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இயற்றப்பெற்ற அந்நூலின் முன்னுரையில் கன்னிமாடத் தலைவி ஒருத்தி வருகின்றாள். அவள் வளர்க்கும் சிறு நாய்களுக்கு வறுத்த இறைச்சியும் பாலும் நல்ல வெண்ரொட்டியும் ஊட்டுகின்றாள். அவற்றுள் ஒன்றை எவரேனும் கோலால் அடித்தால் அழுகின்றாள். அந்நாய்களைச் சாசர் குறிக்கும் சொல் ஹவுண்ட் என்பதே. மடியில் கிடந்து பால்குடிக்கும் நாய்க்குட்டிகளை வேட்டைநாய் என்று பெயர்த்தால் அத்தலைவி வேட்டுவச்சியாகிவிடுவாள்.

இதனினும் வலிய சான்று விவிலியத்தில் உள்ளது. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், செல்வன் வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நாய்கள் வந்து நக்கின என்னும் செய்தி வருகின்றது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் வழியினர் செய்த ஆங்கிலப் பெயர்ப்பில் அந்நாய்கள் 'ஹவுண்டிஸ்' எனப்படுகின்றன. 1526இல் வெளிவந்த டின்டேலின் பெயர்ப்பில் அவை 'டாக்ஸ்' ஆகிவிட்டன. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பெயர்ப்பிலும் அவ்வாறே. ஒரே வசனம், ஒரே நாய்கள், ஏறத்தாழ 130 ஆண்டு இடைவெளி. தெருவில் அலையும் நாயை ஹவுண்ட் என்று சொல்ல இயலாத நிலை இவ்விடைவெளியில்தான் முதிர்ந்தது எனக் கொள்ள இதனைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பதரிது. இதனை மாணவர் முன் வைத்தால் பொருள் மாற்றம் என்பது எத்துணை மெல்ல நிகழ்கின்றது என்பதை அவர் தாமே காண்பர்.

வேட்டை நூல்களிலேனும் சொல் குறுகியிருந்ததா எனின் அங்கும் அவ்வாறில்லை. யார்க் கோமகன் எட்வர்டு 1406க்கும் 1413க்கும் இடையில் இயற்றிய 'தி மாஸ்டர் ஆஃப் கேம்' பெரும்பாலும் பிரெஞ்சு நூலொன்றன் பெயர்ப்பு. ஓடிப் பிடிக்கும் நாய், மோப்பம் பற்றித் தொடரும் நாய், பருந்து வேட்டைக்குத் துணையாகும் ஸ்பானியல், காவல்நாயாகிய மாஸ்டிஃப் ஆகிய பல வகைகளையும் அந்நூல் விரிக்கின்றது. ஸ்பானியலையும் ஹவுண்டுள் ஒன்றாகவே எண்ணுகின்றது. இன்றைய ஆங்கிலேயர் எவரும் ஸ்பானியலை ஹவுண்ட் என்னார்.

1570இல் கேம்பிரிட்சு மருத்துவர் ஜான் கயஸ் இலத்தீனத்தில் பிரித்தானிய நாய்களைப் பற்றி எழுதிய சிறுநூல் 1576இல் ஆங்கிலமாயிற்று. அப்பெயர்ப்பின் தலைப்பில் 'டாக்' என்பதே பொதுச்சொல். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில், கொலைக்கு ஏவப்படும் கூலிகளிடம் மேக்பெத் நாய்வகைகளை அடுக்கிக் காட்டும் இடத்தில் ஹவுண்ட் பல வகைகளுள் ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'டாக்'. ஆகவே மாற்றம் நிறைவுற்றது 16ஆம் நூற்றாண்டில் என்பதே பொருந்தும். அதன் பின்னரும் செய்யுளிலும் வசையிலும் பழைய பொதுப்பொருள் தங்கிற்று. கீழ்மகனை ஹவுண்ட் என்று திட்டுவோர் அவன் வேட்டைத்திறனைப் பாராட்டவில்லை.

குறுகியபின் நின்ற பொருள்

இனி இரண்டாவது பிழை. அகராதிகள் பலவும் ஹவுண்ட் என்பதற்கு வேட்டைநாய் என்று ஒரு சொல்லில் விடையிறுத்து அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகின்றன. வேட்டைக்குப் பயன்படும் நாய்களெல்லாம் ஹவுண்ட் எனப்படுவதில்லை. இரை இருக்கும் இடத்தை நின்று சுட்டும் பாயிண்டர், இருந்து காட்டும் செட்டர், புதரிலிருந்து பறவையைக் கிளப்பும் ஸ்பானியல், சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விக் கொணரும் ரிட்ரீவர் ஆகிய யாவும் வேட்டைக்கென்றே உருவாக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் அவை துப்பாக்கி வேட்டைக்குரிய நாய்கள் என்னும் தனிப்பிரிவு. வளைக்குள் நுழைந்து நரியையும் எலியையும் வெளியேற்றும் டெரியரும் வேட்டைநாயே, அதுவும் ஹவுண்டன்று. இலண்டனிலுள்ள கென்னல் கிளப் இவற்றை வெவ்வேறு தொகுதிகளாகவே பதிவு செய்கின்றது.

அங்ஙனமாயின் ஹவுண்ட் எது? இரையைத் தானே தொடர்ந்து துரத்துவது. துப்பாக்கிக்கு உதவியாக நில்லாமல், மோப்பத்தாலோ பார்வையாலோ இரையை விடாது பின்பற்றி ஓடுவது. பீகிள், ஃபாக்ஸ்ஹவுண்ட், பிளட்ஹவுண்ட் ஆகியன மோப்பத்தால் தொடர்வன. கிரேஹவுண்ட், சலூக்கி, டீர்ஹவுண்ட் ஆகியன கண்ணால் கண்டு விரைவால் வெல்வன. துரத்தலே இச்சொல்லின் உயிர். வேட்டை என்பது அதனினும் விரிந்தது; பதுங்கல், வளைத்தல், கிளப்பல், வலைகட்டல், எய்தல், கொணர்தல் எல்லாம் அதனுள் அடங்கும்.

தமிழ் மரபு இதனை நன்கறியும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் முயல்வேட்டை சொல்லப்படும் இடத்தில், ஞமலியைக் கொண்டு புதர்களை அலைத்து, வலையை வேலிபோல் வளைத்துக் கட்டி, வெளிவரும் முயலைப் பிடிக்கின்றனர். அங்கு ஞமலியின் பணி கிளப்புதல்; ஆங்கிலத்தில் அப்பணிக்குரியது ஸ்பானியலேயன்றி ஹவுண்டன்று. அவ்வடிகளை ஆங்கிலமாக்குவோர் 'வேட்டைநாய் எனில் ஹவுண்ட்' என்னும் அகராதிச் சமன்பாட்டை நம்பி ஹவுண்ட் என்று எழுதினால், சங்கப் புலவர் காட்டாத ஓட்டத்தை அந்நாய்க்கு ஏற்றியவராவர். தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் வெட்டவெளியில் முயலைக் கண்ணாற்கண்டு துரத்தியவை. அவற்றை ஹவுண்ட் எனல் பொருந்தும். கோம்பையையும் அவ்வாறே சொல்லிவிடல் ஆகாது. அது காவலுக்கும் பன்றிவேட்டைக்கும் பெயர்பெற்றது. வேட்டைநாய் என்னும் தமிழ்ச்சொல் இவையனைத்தையும் தாங்கும் விரிந்த சொல். அதனை ஹவுண்டுக்கு நிகராக்குவது தமிழ்ச்சொல்லைப் பாதியாக வெட்டுவதாகும். தமிழ் வளமற்றது என்பதன்று சிக்கல்; தமிழின் வளமான சொல்லை ஓர் அயற்சொல்லின் அளவுக்குச் சுருக்குவதே சிக்கல்.

வேட்டையாடும் விலங்கு என்பதாலேயே ஒன்று ஹவுண்ட் ஆவதுமில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் செந்நாயைப் போலக் கூட்டமாக வேட்டையாடும் விலங்கு அரிது. ஆங்கிலேயர் அதனைக் காட்டுநாய், சிவந்த நாய் என்னும் பொருள்படவும், 'டோல்' என்றும் வழங்கினர். அதற்கு ஆள்பவன் இல்லை, ஏவுபவன் இல்லை என்பதே காரணமாகலாம். ஹவுண்ட் என்னும் சொல்லினுள் நாயோடு ஒரு மனிதனும் நிற்கின்றான்.

அம்மனிதன் யார் என்பதையும் பார்த்தல் வேண்டும். ஆங்கில நரிவேட்டையாளர் தம் நாய்களை ஒருபோதும் 'டாக்' என்னார். ஹவுண்ட் என்றே சொல்வர். ஒன்று, இரண்டு என எண்ணாமல் இணைகளாக எண்ணுவர். 35 நாய்கள் எனில் பதினேழரை இணை. அவை குரைத்தன என்னாமல் பேசின என்பர். இவ்வழக்கில் 'டாக்' என்னும் சொல் ஆண்நாய்க்கு மட்டும் உரியது. பொதுப்பொருட்பேற்றுக்கு உலகெங்கும் காட்டப்படும் சொல், ஹவுண்ட் வளர்ப்போர் வாயிலேயே சிறப்புப்பொருட்பேறு எய்தி நிற்கின்றது! பாடநூலின் இரு வரிகள் இவ்விடத்தில் தலைகீழாகின்றன. குறிப்பிட்ட ஒரு வகுப்பாரின் குழூஉக்குறியாக ஹவுண்ட் நிலைபெற்றதென்பதும், சொல்லைத் தவறி வழங்குவோன் அயலான் என அடையாளம் காணப்படுவான் என்பதும் இதனால் விளங்கும்.

இங்கிலாந்து, வேல்சு பகுதிகளில் நரிவேட்டையைத் தடைசெய்த சட்டம் 2004இல் நிறைவேறி 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. நூற்றாண்டுகளாக ஹவுண்ட் எனப்பட்ட விலங்கைக்கொண்டு நிகழ்ந்த வேட்டையைத் தடுக்க எழுந்த அச்சட்டம், குற்றத்தை வரையறுக்கும் முதற்பிரிவில் 'டாக்' என்னும் சொல்லையே ஆள்கின்றது: காட்டுப் பாலூட்டி ஒன்றை நாயைக்கொண்டு வேட்டையாடுதல் குற்றம். சட்டம் வேட்டையாளரின் குழூஉக்குறியை ஏற்கவில்லை. ஹவுண்ட் என எழுதியிருந்தால், டெரியரையோ கலப்பின நாயையோ ஏவியவன் தப்பியிருப்பான். சொல்லின் எல்லையைத் தவறாகக் கணிப்பது தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். சட்டத்தில் அவ்வாறு போகாது.

தொகைச்சொற்களின் வலை

தனிச்சொல்லைவிடத் தொகைச்சொற்களே மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் வீழ்த்துகின்றன. கிரேஹவுண்டைச் சாம்பல்நிற வேட்டைநாய் என்போர் உளர். முற்பகுதிக்கும் சாம்பல் நிறத்துக்கும் தொடர்பில்லை. பழைய நோர்சு மொழியில் பெண்நாயைக் குறித்த சொல்லோடு அதனை இணைப்பர். கருநிறக் கிரேஹவுண்டும் வெண்ணிறக் கிரேஹவுண்டும் உண்டென்பதை நினைந்தாலே ஐயம் எழுந்திருக்க வேண்டும். செருமானியத்திலிருந்து வந்த டாக்ஸ்ஹுண்ட் 'வளைக்கரடி நாய்' என்று மட்டுமே பொருள்படும். அதன் 'ஹுண்ட்' பொதுப்பொருளது. நார்வேயின் 'எல்க்ஹுண்ட்' வகையை ஆங்கிலேயர் 'எல்க்ஹவுண்ட்' ஆக்கிக்கொண்டனர். நார்வே மொழியில் அது கடமான் வேட்டைக்குரிய நாய் என்பதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. நாயினமும் கிரேஹவுண்ட், பீகிள் போன்றவற்றோடு சேராது. நிமிர்ந்த செவியும் சுருண்ட வாலும் உடைய வடபுல ஸ்பிட்சு வகையது. ஒலி ஒப்புமை கண்டு மயங்குவது தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு மட்டும் உரிய குறையன்று என்பது இதனால் தெரிகின்றது. ஆறுதலாக அன்று, எச்சரிக்கையாகவே இதனைக் கொள்ளல் வேண்டும்.

நாயே இல்லாத இடத்திலும் நாயைக் காண்பவர் உளர். 'ஹோர்ஹவுண்ட்' என்பது கைப்புச்சுவையுடைய ஒரு மருந்துச்செடி. அதன் பிற்பகுதி பழைய ஆங்கிலத்தில் 'ஹூனெ' என்னும் செடிப்பெயர். பிற்காலத்தில் ஈற்றில் ஒரு மெய் ஒட்டிக்கொள்ள, நாயாகத் தோன்றுகின்றது. மாறாக 'ஹவுண்ட்ஸ்டங்' என்னும் செடியில் நாய் உண்மையாகவே உண்டு; கிரேக்கப் பெயரின் நேர்ப்பெயர்ப்பாகிய அதில் ஹவுண்ட் பழைய பொதுப்பொருளில் உறைந்து நிற்கின்றது. நாய்நாக்கு என்பதே சரி. வேட்டைநாய்நாக்கு என்பது நகைப்புக்கிடம். பாய்க்கப்பலின் கம்பத்தலையில் கயிறுகளைத் தாங்கும் புடைப்புகளும் ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்ஸ்' எனப்படும். அது நாய்ச்சொல்லோடு தொடர்பற்ற வேறொரு சொல். கடற்பயண நூல்களைப் பெயர்ப்போர் கம்பத்தின் உச்சியில் வேட்டைநாய்களை ஏற்றாதிருத்தல் நன்று.

இலக்கியப் பெயர்ப்பில்

கானன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை ஸ்டிராண்ட் இதழில் தொடராக வந்தது. தமிழில் அத்தலைப்பு வேட்டைநாய் என்றே அறியப்படுகின்றது. கதையில் வரும் நாய் பிளட்ஹவுண்டும் மாஸ்டிஃபும் கலந்த ஒன்று. வேட்டைக்குப் பழக்கப்பட்டதன்று, ஒரு மனிதனைக் கொல்ல ஏவப்பட்டது. தலைப்பில் அச்சொல்லை நிறுத்துவது நாயின் தொழிலன்று. குடும்பத்தைத் தலைமுறைதோறும் பின்தொடரும் சாபம் என்னும் நினைவே. ஹெல்ஹவுண்ட் என்னும் நரகநாயின் நிழல் அதில் உண்டு. வேட்டைநாய் என்னும் பெயர்ப்பில் அந்நிழல் வருவதில்லை. எனினும் பழகிய தலைப்பை மாற்றுமாறு கேட்பது வீண்.

பிரான்சிஸ் தாம்சனின் 'தி ஹவுண்ட் ஆஃப் ஹெவன்' வேறுவகை. 1890இல் இதழிலும் 1893இல் நூலிலும் வெளிவந்த இக்கவிதையில், தப்பி ஓடும் உயிரை இறைவன் விடாது பின்தொடர்கின்றான். இதனை விண்ணகத்தின் வேட்டைநாய் என்றால் இறைவன் கொல்லவரும் விலங்காகின்றான். கவிதையின் உள்ளீடு சிதைகின்றது. மேலும் தமிழ்ப் பத்தி மரபில் நாய் என்பது அடியார் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் சொல். நாயேன் என்று அடியாரே சொல்லிக்கொள்வர். ஆங்கிலக் கவிதையிலோ நாயின் இடத்தில் இறைவன் நிற்கின்றான். இம்முரணை வகுப்பறையில் விளக்காமல் தலைப்பை மட்டும் பெயர்த்துச் செல்வது மாணவர்க்கு அதிர்ச்சியைத் தருமேயன்றி அறிவைத் தாராது. தமிழில் இதற்கு நெருங்கிய கருத்து நாயில் இல்லை. மணப்பந்தலில் ஓலையோடு வந்து சுந்தரரை வழிமறித்த கதையில், தடுத்தாட்கொள்ளுதல் என்னும் சொல்லில் உள்ளது. ஒப்பிலக்கியம் பயில்வோர் அகராதியைத் திறப்பதற்கு முன் பெரியபுராணத்தைத் திறத்தல் தகும்.

ஹவுண்ட் வினையாகும்போது பிழை இன்னும் ஆழமாகின்றது. நாய்கொண்டு துரத்தல் என்னும் பொருளில் 16ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கிய அவ்வினை, பின்னர் ஒருவரை ஓயவிடாது பின்தொடர்ந்து துன்புறுத்தல் என்னும் பொருளை எய்திற்று. செய்தியாளரோ அதிகாரியோ கடன்கொடுத்தவரோ ஒருவரை இவ்வாறு செய்ததாக ஆங்கில நாளிதழ் எழுதினால், தமிழ் நாளிதழ் அவர் 'வேட்டையாடப்பட்டார்' என எழுதிவிடுகின்றது. வேட்டை பிடிப்பதில் முடிவது; இவ்வினை முடிவின்மையைக் குறிப்பது. பிடிபட்டவர்க்கேனும் ஓய்வுண்டு; துரத்தப்படுபவர்க்கு அஃதில்லை. கொலையுண்டவரையும் அலைக்கழிக்கப்பட்டவரையும் ஒரே சொல்லால் சுட்டும் செய்தி, படிப்பவரை ஏமாற்றுகின்றது. 'விடாது துரத்தி அலைக்கழித்தல்' என்பது நீளமாயினும் நேரானது.

ஆந்திர மாநிலக் காவல்துறையில் 1989இல் மாவோயிச எதிர்ப்புக்கென அமைக்கப்பட்ட சிறப்புப்படைக்குக் கிரேஹவுண்ட்ஸ் என்று பெயரிட்டனர். காடுகளில் மனிதரைத் தொடரும் படைக்குத் துரத்தும் நாயின் பெயர் சூட்டப்பட்டதில் அச்சொல்லின் முழுப்பொருளும் வெளிப்படுகின்றது. தமிழ் இதழ்கள் அதனை ஒலிபெயர்த்து நிறுத்துவதோடு அமைவதால், பெயர் சொல்லும் செய்தி தமிழ் வாசகரை எட்டுவதில்லை.

இந்திய நாய்களின் பெயர்

இந்திய அஞ்சல்துறை 2005இல் நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், ராம்பூர் ஹவுண்ட், முதோல் ஹவுண்ட், இராசபாளையம் என்பன அவை. முயலும் பன்றியும் வேட்டையாடிய இராசபாளையம் ஊர்ப்பெயரோடு நிற்க, மற்ற இரண்டுக்கு ஹவுண்ட் ஒட்டு ஏன்? நாயின் தொழிலில் அதற்கு விடையில்லை, பெயரிட்டவரிடம் உள்ளது.

ராம்பூர் நவாபுகள் வளர்த்த நாய், பாரசீக வழியில் 'தாசி' எனப்பட்ட மெலிந்த ஓட்டநாயையும் ஆங்கிலக் கிரேஹவுண்டையும் கலந்து பெற்றதென்பர். முதோல், கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்து ஊர். அவ்வூர்ச் சிற்றரசர் கோர்ப்படே, ஓர் இணை நாய்களை ஆங்கில மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்குப் பரிசளித்ததும், அவர் முதோலின் ஹவுண்ட் என அவற்றைக் குறித்ததும் பரவலாக வழங்கும் செய்தி. வணிகச்சாத்துகளோடு வந்த நாய் என்னும் கருத்தில் தக்காணத்து மக்கள் அதனைக் 'கார்வானி' என்பர். அதுவே ஆங்கிலத்தில் 'கேரவன் ஹவுண்ட்' ஆயிற்று. ஒரே நாய் ஒரு சங்கத்தின் ஏட்டில் ஒரு பெயரிலும் மற்றொரு சங்கத்தின் ஏட்டில் வேறு பெயரிலும் பதிவாகின்றது. இரண்டிலும் மாறாதது ஹவுண்ட் மட்டுமே. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணுவளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் ஊர்ப்பெயராலேயே பதிவு செய்தது. முதோலுக்கு மட்டும் ஆங்கில ஒட்டு நீங்கவில்லை.

ஒட்டு நாயின் தரத்தைக் காட்டுகின்றது என்று வாதிடுவோர் உளர். வெள்ளையர் காலத்து வழக்கினை அறிந்தோர் அவ்வாறு கூறார். உதகையின் புல்வெளிகளில் நரிவேட்டையாட இங்கிலாந்திலிருந்து ஃபாக்ஸ்ஹவுண்டுகளை வரவழைத்தவர்கள், இந்நாட்டில் கிடைத்த பலவகை நாய்களைத் திரட்டி ஆடிய வேட்டைக்கூட்டத்துக்கு 'பாபரி பேக்' என்று எள்ளற்பெயரிட்டனர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அப்பெயரைப் பதிவு செய்து, 'பாப் ரே' என்னும் இந்தி வியப்புக்குரலில் அதன் மூலத்தைக் காண்கின்றது. ஹவுண்ட் என்னும் சொல் அவர்கள் வாயில் வகைப்பெயராக மட்டும் இருக்கவில்லை, மதிப்பெண்ணாகவும் இருந்தது. எவருடைய நாய்க்கு அது கிடைக்கும் என்பதை அவர்களே முடிவு செய்தனர். அரசரின் நாய்க்குக் கிடைத்தது. ஊராரின் நாய்க்குக் கிடைக்கவில்லை.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்நாய்களுக்குச் சட்டப்படி வேட்டைத்தொழில் இல்லை. முதோல் நாய்கள் இராணுவத்தில் பயிற்சிபெற்றன. மற்றவை தோட்டத்தையும் வீட்டையும் காக்கின்றன. தொழில் நீங்கியபின்னும் 'முதோல் வேட்டை நாய்' என்று தமிழ் இதழ்கள் எழுதுவது, ஆங்கில ஒட்டினைத் தமிழாக்கிய பெருமிதத்தால் மட்டுமே. 2020 ஆகஸ்டில் தலைமை அமைச்சர் வானொலி உரையில் இந்திய நாயினங்களைக் குறிப்பிட்டபோதும் இவ்வழக்கே பரவிற்று. தனித்தமிழ் நாடுவோர் இதனை வெற்றியெனக் கருதுதல் கூடாது. ஆங்கிலச்சொல்லை நீக்கி அதன் பிழையான நிழலை வைத்துக்கொள்வது தமிழாக்கம் ஆகாது.

ஒலிபெயர்த்தே எழுதுக என்பாரும் உளர். பிளட்ஹவுண்ட், ஃபாக்ஸ்ஹவுண்ட் ஆகிய அயல்நாட்டு இனப்பெயர்களுக்கு அது பொருந்தும், அவை பெயர்கள். வகையைச் சுட்டுமிடத்து மோப்பத்தால் துரத்தும் நாய், பார்வையால் துரத்தும் நாய் எனப் பிரித்தெழுதலாம். மோப்பநாய் என்பது காவல்துறை நாய்க்கு நிலைபெற்றுவிட்டமையால் அதனை மட்டும் தனித்து ஆளுதல் மயக்கம் தரும். சாசர், விக்ளிஃப் காலத்து நூல்களில் நாய் என்பதே போதும். அகராதியில் இந்நான்கு பொருளும் எண்ணிட்டு நிற்றல் வேண்டும். வினைப்பொருள் தனிப்பதிவு பெறல் வேண்டும். செடியும் கப்பற்கம்பமும் வேறு தலைச்சொற்களாதல் வேண்டும். அகராதிக்கு இடம்போதாது என்னும் விடை ஏற்கத்தக்கதன்று. ஏழெட்டு வரிக்கு மேல் இதற்குத் தேவையில்லை.

முதோலின் நாய்க்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்பதற்கு நெடுந்தொலைவு தேட வேண்டுவதுமில்லை. கன்னட இதழ்கள் அதனை 'முதோள நாயி' என்றே எழுதுகின்றன. தமிழின் நாய் என்பதும் அந்நாயி என்பதும் ஒரே திராவிடச் சொல்லின் இரு வடிவங்கள்.